டெமிங்கின் மணிப்பெட்டி

சென்னைக்கு மேற்கே, வில்லிவாக்கத்தைத் தாண்டினால் பாடி. தேவாரத்தில் திருவலிதாயம் என்று பெயர் பெற்ற பழைய ஊர். இன்று கோவிலைக் காட்டிலும் தொழிற்சாலைகளை வைத்துத்தான் பலருக்கு அந்த ஊரைத் தெரியும்.

1998-ம் ஆண்டு பாடிக்கு ஒரு பரிசு வந்தது. ஜப்பானில் இருந்து வந்தது. சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் தொழிற்சாலைக்குக் கிடைத்த பரிசு அது. லாரிக்கும் பஸ்சுக்கும் காற்று பிரேக் செய்யும் தொழிற்சாலை. இந்தியாவில் வேறு எந்தக் கம்பெனியும் அதற்கு முன் அந்தப் பரிசை வாங்கியது இல்லை.

பரிசின் பெயர், டெமிங் பரிசு.

2001-ல் பாடியில் உள்ள சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் அதே பரிசைப் பெற்றது. 2003-ல் பக்கத்து ஊரான அம்பத்தூரில் உள்ள ரானே பிரேக் லைனிங்ஸ் பெற்றது. 2004-ல் மறுபடியும் பாடிக்கே வந்தது. இந்தத் தடவை லூகாஸ் டி.வி.எஸ். சைக்கிளில் சுற்றி வந்துவிடக் கூடிய வட்டாரத்துக்குள், ஆறு ஆண்டில் நான்கு பரிசுகள்!

டெமிங் யார்? ஜப்பான்காரரா? இல்லை, அமெரிக்கர். பெரிய முதலாளியா? அதுவும் இல்லை. அவர் ஒரு கணக்கு நிபுணர். காலமாகி 30 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆனால் அவர் வாழ்நாள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இன்று அம்பத்தூரில் பல வீடுகளைக் கலக்கிக் கொண்டிருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள். அதில் யார் நன்றாகச் செய்தார், யார் மோசமாகச் செய்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் கேள்வி.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளும் இருக்கின்றன. அப்பா லேத் ஓட்டினார். மகள் புரோகிராம் எழுதுகிறாள். ஆண்டுக்கு ஒரு முறை அவளுக்கு மார்க் போடுகிறார்கள். அப்ரைசல் என்று அதற்குப் பெயர். மார்க் குறைந்தால் சம்பள உயர்வு இல்லை. கடைசி வரிசைக்குப் போனால் சில இடங்களில் வேலையே போய்விடும். வீட்டுக் கடன், தம்பியின் படிப்பு எல்லாம் அந்த மார்க்கில் தொங்குகின்றன.

அந்த மார்க்கை நம்பலாமா? டெமிங்கின் கதையைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தெரு விளக்கு

வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங், 1900-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதி அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பிறந்தார். ஊர், சூ சிட்டி.

சிறு வயதிலேயே குடும்பம் மேற்கே வயோமிங் மாநிலத்துக்குப் போயிற்று. அப்போது அது வெறும் பொட்டல். அங்கே பவல் என்ற சின்ன ஊரில் 40 ஏக்கர் நிலம் கிடைத்தது. நிலம் கிடைத்ததே தவிர விளைச்சல் கிடைக்கவில்லை. தார் பூசிய காகிதத்தை ஒட்டிய குடிசையில் குடும்பம் குடியிருந்தது. வயோமிங் குளிர் எலும்பைத் துளைக்கும் குளிர். அந்தக் குளிருக்குக் காகிதச் சுவர் எம்மாத்திரம்!

தாயார் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். சிறுவன் டெமிங்கும் சும்மா இருக்கவில்லை. ஓட்டலில் அடுப்புக்கு விறகும் கரியும் எடுத்துக் கொடுத்தான். சாயங்காலம் ஆனால் ஊர்த் தெரு விளக்குகளை ஏற்றும் வேலை.

1917-ல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சில்லறை வேலைகள் செய்து, அந்தக் காசில் படித்தார். மின்சார எஞ்சினீயர் பட்டம் வாங்கினார். பிறகு கொலராடோவில் கணக்கும் பௌதிகமும் படித்தார். 1928-ல் புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். காகிதக் குடிசைப் பையன் டாக்டர் டெமிங் ஆகிவிட்டார்.

தோளில் ஒரு குத்து

யேலில் படித்துக் கொண்டிருந்தபோது, கோடை விடுமுறையில் அவர் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். 1925, 1926 ஆகிய இரண்டு ஆண்டும் போனார். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடம். டெலிபோன் செய்யும் தொழிற்சாலை. 40 ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஒரு தொழிற்சாலைக்குள் ஒரு பட்டணம்!

அங்கே பலருக்குப் பீஸ் ரேட். எத்தனை உருப்படி செய்தார்களோ அத்தனைக்குக் கூலி. கேட்பதற்கு இது மிகவும் நியாயமாகத் தோன்றும். உழைத்தவனுக்குக் காசு, உழைக்காதவனுக்கு இல்லை.

டெமிங்குக்கு அது பிடிக்கவில்லை. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் மனிதன் எண்ணிக்கைக்குத்தான் வேலை செய்வான். சாமான் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டான். அது மட்டும் அல்ல. மேல் கையில் இருந்து கம்பி வரத் தாமதமானால், உட்கார்ந்து முடுக்கும் பெண்ணின் கூலி குறைகிறது. அவள் செய்த தப்பு என்ன?

இதே ஹாதார்னில் பின்னால் ஒரு வேடிக்கை நடந்தது. 1931-ல் ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் ஓர் அறையில் 14 தொழிலாளர்களை உட்கார வைத்து, அவர்கள் வேலை செய்வதை மாதக்கணக்கில் கவனித்தார்கள். அதிகமாகச் செய்தால் அதிகக் கூலி என்று இருந்தும், அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக் கொண்டார்கள். அதற்கு மேல் செய்கிறவனுக்குத் தோளில் ஒரு குத்து விழும்! ஏன்? இன்று அதிகமாகச் செய்து காட்டினால், நாளைக்கு ரேட்டைக் குறைத்து விடுவார்கள் என்ற பயம். மேலே இருப்பவர்கள் எண்ணினார்கள். கீழே இருப்பவர்கள் அந்த எண்ணிக்கையையே ஆட்டி வைத்தார்கள்.

ஷூவார்ட்

டெமிங்கின் வாழ்க்கையை மாற்றிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வால்டர் ஷூவார்ட். நியூயார்க்கில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர். 1924-ல் அவர் ஒரு படம் போட்டுக் காட்டினார். ஒரே பக்கம்தான். அதில் இருந்த விஷயம் உலகத் தொழிற்சாலைகளையே மாற்றிவிட்டது.

அந்த விஷயம் இதுதான். ஆவடியில் இருந்து ஒருவர் தினமும் மின்சார ரயிலில் சென்டிரலுக்குப் போகிறார். தினமும் ஒரே நேரமா ஆகிறது? இல்லை. ஒரு நாள் இரண்டு நிமிஷம் முந்தும். ஒரு நாள் மூன்று நிமிஷம் பிந்தும். இதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியது இல்லை. ரயில் என்றால் அப்படித்தான். ஆனால் ஒரு நாள் இரண்டு மணி நேரம் தாமதம் என்றால்? அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது. கம்பி அறுந்திருக்கும், அல்லது சிக்னல் கெட்டிருக்கும்.

முதலாவது, இயல்பான ஆட்டம். இரண்டாவது, தனிக் காரணம். இரண்டையும் பிரிக்க ஷூவார்ட் ஒரு கணக்கு வழி சொன்னார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆடினால் இயல்பு. கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேடு.

டெமிங் இதைப் பார்த்தார். பொருளுக்குச் சொன்ன இந்தக் கணக்கு மனிதர்களுக்கும் பொருந்துமே என்று அவருக்குத் தோன்றியது. மூன்று நிமிஷம் பிந்தியதற்காக டிரைவரைத் திட்டினால் அது நியாயமா?

நடுவில் அவருடைய குடும்ப வாழ்வைச் சொல்லிவிட வேண்டும். 1922-ல் ஆக்னஸ் பெல் என்ற பெண்ணை மணந்தார். ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்தார்கள். 1930-ல் ஆக்னஸ் இறந்துவிட்டார். 1932-ல் தம்முடன் வேலை பார்த்த லோலா ஷூப் என்ற பெண்மணியை மணந்தார். அவரும் கணக்கில் கெட்டிக்காரர். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். லோலாவும் டெமிங்கும் 50 ஆண்டுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தார்கள்.

உத்தியோகம், முதலில் விவசாய இலாகாவில். 1939-ல் இருந்து மக்கள் கணக்கு எடுக்கும் இலாகாவில். 1940-ம் ஆண்டு அமெரிக்க மக்கள் கணக்கில், சில கேள்விகளை எல்லோரிடமும் கேட்காமல், பொறுக்கி எடுத்த சிலரிடம் மட்டும் கேட்டுக் கணக்குப் போடும் முறையைக் கொண்டு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே சங்கதி. எந்தச் சோற்றை எடுப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. இந்த வித்தை தெரிந்தவர் என்பதால் 1947-ல் அவர் இந்தியாவுக்கும் ஆலோசகராக வந்தார். கல்கத்தா பேராசிரியர் மஹாலனோபிஸ் அப்போது இங்கே அதே துறையில் புகழ் பெற்று விளங்கினார்.

21 முதலாளிகள்

1950-ம் ஆண்டு. ஜப்பான் யுத்தத்தில் தோற்று, சாம்பலாகிக் கிடந்த நேரம். ஜப்பான் சரக்கு என்றால் அப்போது உலகம் சிரிக்கும். இன்று வாங்கினால் நாளைக்கு உடையும் என்று பெயர்.

ஜப்பான் விஞ்ஞானிகளும் எஞ்சினீயர்களும் சேர்ந்த சங்கம் ஒன்று டெமிங்கை அழைத்தது. வந்தார். எஞ்சினீயர்களுக்கு எட்டு நாள் வகுப்பு எடுத்தார். நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

ஆனால் டெமிங்குக்குத் திருப்தி இல்லை. எஞ்சினீயர்களிடம் சொல்லி என்ன பயன்? மேலே இருப்பவன் கேட்காவிட்டால் கீழே எதுவும் மாறாது என்று அவருக்குத் தெரியும். அமெரிக்காவில் அது அவருக்கு நேர்ந்த அனுபவம். யுத்த காலத்தில் ஆயிரக்கணக்கான எஞ்சினீயர்கள் இந்தக் கணக்கைக் கற்றார்கள். யுத்தம் முடிந்ததும் முதலாளிகள் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

ஜூலை 13-ந்தேதி டோக்கியோவில் ஒரு விருந்து. ஜப்பானின் தலை சிறந்த முதலாளிகள் 21 பேர் வந்திருந்தார்கள். அவர்களிடம் டெமிங் பேசினார். கெட்ட சரக்குக்குத் தொழிலாளியைக் குறை சொல்ல வேண்டாம், இரும்பு வாங்கும் இடத்தில் இருந்து வாடிக்கைக்காரர் வீடு வரையில் எல்லாம் ஒரே சங்கிலி, அந்தச் சங்கிலியைச் சரி செய்வது உங்கள் வேலை என்று விளக்கினார். ஐந்தே ஆண்டில் உலகம் உங்கள் சரக்கைத் தேடி வரும் என்றும் சொன்னார்.

ஜப்பான் முதலாளிகள் நம்பினார்கள். நம்பியதோடு நிற்கவில்லை, செய்தும் பார்த்தார்கள். பின்னால் நடந்தது உலகம் அறிந்த கதை.

அவருடைய சொற்பொழிவுகளைப் புத்தகமாகப் போட்டார்கள். அதில் வந்த பணத்தை டெமிங் வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பணத்தை வைத்து 1951-ல் ஏற்பட்டதுதான் டெமிங் பரிசு. பரிசு மெடலில் அவருடைய முகம் பொறித்திருக்கும். 1960-ல் ஜப்பான் சக்கரவர்த்தியின் பெயரால் அவருக்கு விருது அளித்தார்கள்.

சொந்த ஊரில்?

சொந்த நாட்டில் அவரை யாருக்கும் தெரியாது! வாஷிங்டனில் தம் வீட்டின் நிலவறையில் ஆபீஸ் வைத்துக்கொண்டு வேலை பார்த்து வந்தார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் ஒரு கிழவர், அவ்வளவுதான்.

1980-ம் ஆண்டு ஜூன் 24-ந்தேதி அமெரிக்க டெலிவிஷனில் ஒரு நிகழ்ச்சி வந்தது. ஜப்பானால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை என்பது பற்றிய நிகழ்ச்சி. அதில் டெமிங்கைக் காட்டினார்கள். அவருக்கு அப்போது 79 வயது. மறுநாளே நிலவறையில் டெலிபோன் மணி ஓயாமல் அடித்தது. அடுத்த ஆண்டு போர்டு மோட்டார் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது.

79 வயதில் நம் ஊரில் பேரன் கலியாணம் பார்ப்பார்கள். டெமிங்குக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பித்தது. ஊர் ஊராகப் போய் நான்கு நாள் வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பில்தான் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுவார்.

மணிப்பெட்டி

பெட்டியில் 4,000 சின்ன மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு.

கூட ஒரு பலகை. நம் வீட்டுப் பல்லாங்குழிப் பலகையை நினைத்துக் கொள்ளுங்கள். ஆனால் இதில் 50 சின்னக் குழிகள். பலகையைப் பெட்டிக்குள் விட்டு எடுத்தால், குழிக்கு ஒன்றாக 50 மணிகள் ஏறி வரும்.

கூட்டத்தில் இருந்து ஆறு பேரைக் கூப்பிடுவார். இவர்கள்தான் தொழிலாளிகள். இரண்டு பேர் எண்ணிப் பார்க்கும் இன்ஸ்பெக்டர்கள். அவர்களுக்கு மேல் ஒரு தலைமை இன்ஸ்பெக்டர். ஒருவர் கணக்கு எழுதுவார். டெமிங்தான் மேஸ்திரி!

வேலை என்ன? வெள்ளை மணி செய்ய வேண்டும். சிவப்பு மணி வந்தால் அது ரிஜெக்ட். ஒரு முறை பலகையை விட்டு எடுத்தால் ஒரு நாள் வேலை. இப்படி நான்கு நாள்.

ஆறு பேரும் பயந்து பயந்து பலகையை விடுவார்கள். ஒருவருக்கு 5 சிவப்பு வரும். மேஸ்திரி முதுகில் தட்டிக் கொடுப்பார். எல்லோரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார். இன்னொருவருக்கு 15 வரும். மேஸ்திரியின் முகம் கடுக்கும். வேலையில் கவனம் இல்லை என்று ஏசுவார்.

இரண்டாம் நாள், தட்டு வாங்கியவருக்கு 12 வரும். பாராட்டு தலைக்கு ஏறிவிட்டது என்பார் மேஸ்திரி. திட்டு வாங்கியவருக்கு 8 வரும். கண்டித்தால்தான் திருந்துகிறான் என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

நான்கு நாள் முடிந்ததும் கடைசியில் நிற்கும் மூன்று பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிடுவார். சிறந்த மூன்று பேரை வைத்து இரட்டை ஷிப்டு ஓட்டுவார். இனிமேல் சிவப்பே வராது! அப்படித்தானே எதிர்பார்க்க வேண்டும்? ஆனால் வரும். முன்பு வந்த அளவுக்கே வரும்.

ஏன் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெட்டியில் ஐந்தில் ஒரு மணி சிவப்பு. 50 மணி எடுத்தால் சராசரி 10 சிவப்பு வரத்தான் வரும். ஷூவார்ட்டின் கணக்குப்படி 2-ல் இருந்து 18 வரை எது வந்தாலும் அது பெட்டியின் வேலை. ஆளின் வேலை அல்ல. 5 எடுத்தவர் கெட்டிக்காரரும் இல்லை, 15 எடுத்தவர் சோம்பேறியும் இல்லை.

சிவப்பு மணியைப் பெட்டிக்குள் போட்டது யார்? அந்த ஆறு பேர் அல்ல. சரக்கு வாங்கியவர். பெட்டியை மாற்றும் அதிகாரமும் அவருக்குத்தான் உண்டு.

சிரித்துக்கொண்டிருந்த மானேஜர்கள் சிலருக்கு இந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். போன மாதம் தாங்கள் யாருக்கு 15 மணிக்காக நோட்டீசு கொடுத்தோம் என்று நினைவு வந்திருக்கும்.

தொழிலில் வரும் கோளாறுகளில் நூற்றுக்கு 94 பங்கு ஏற்பாட்டின் கோளாறு, மீதி 6 பங்குதான் தனிக் காரணத்தால் வருவது என்று டெமிங் மதிப்பிட்டார். இது அவருடைய அனுபவ மதிப்பு. எண்ணி எடுத்த கணக்கு அல்ல. இருந்தாலும், பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால் கூடப் போதுமே. ஒரு மனிதனின் மார்க்கில் பாதி அவனுடையது அல்ல என்று ஆகிவிடுகிறது.

கண்ணாடி

அப்படியானால் தொழிலாளியை ஒன்றுமே கேட்கக் கூடாதா? டெமிங் அப்படிச் சொல்லவில்லை.

அவர் தம் புத்தகத்தில் காலுறை செய்யும் ஆலை ஒன்றின் கதையை எழுதியிருக்கிறார். அங்கே முனை கோக்கும் பகுதியில் நூற்றுக்கு 4.8 உருப்படி கெட்டுப் போயிற்று. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித் தனியாகப் படம் போட்டுப் பார்த்தார்கள். சிலருடைய கணக்கு கோட்டைத் தாண்டி நின்றது. தனிக் காரணம் இருக்கிறது! என்ன என்று தேடினார்கள். கண் பரிசோதனை செய்தார்கள். சிலருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். வேறு சில திருத்தங்களும் செய்தார்கள். ஏழு மாதத்தில் 4.8 என்பது 0.8 ஆகக் குறைந்தது.

கவனியுங்கள். இங்கேயும் ஆட்களை அளந்தார்கள். ஆனால் அளந்தது வரிசையில் நிறுத்தி மார்க் போடுவதற்கு அல்ல. யாருக்கு உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்கு. அளவுகோல் ஒன்றுதான். அதை எடுத்த கை எந்த எண்ணத்தோடு எடுத்தது என்பதில்தான் வித்தியாசம்.

கம்ப்யூட்டர் பெட்டி

டெமிங் புரோகிராம் எழுதியவர் அல்ல. ஆனால் புரோகிராம் எழுதும் இடத்தைப் போல மணிப்பெட்டிக்குப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு வரி வரியாக எழுதும் கட்டளை. ஆகவே எத்தனை வரி எழுதினாய் என்று கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. 1982-ல் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனியில் ஒவ்வொரு வாரமும் இதற்கு ஒரு தாள் நிரப்பச் சொன்னார்கள். பில் அட்கின்சன் என்று ஓர் எழுத்துக்காரர். கதை எழுத்துக்காரர் அல்ல, புரோகிராம் எழுத்துக்காரர். அந்த வாரம் அவர் பழைய புரோகிராம் ஒன்றைச் சுருக்கித் திருத்தினார். அது ஆறு மடங்கு வேகமாக ஓடிற்று. வரிகளோ 2,000 குறைந்துவிட்டன. தாளை எடுத்தார். எழுதிய வரிகள் என்ற இடத்தில், கழித்தல் குறி போட்டு 2,000 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்! சில வாரங்களில் அவரிடம் அந்தத் தாளைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

வரி எண்ணுவது பயன் இல்லை என்று தெரிந்ததும், முடித்த வேலைகளை எண்ணினார்கள். திருத்திய பிழைகளை எண்ணினார்கள். எல்லாவற்றிலும் அதே தொல்லை.

கலியாணச் சமையலை நினைத்துப் பாருங்கள். பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுகிறவர் எல்லோர் கண்ணிலும் படுவார். அரிசியில் கல் பொறுக்கிய பாட்டி யார் கண்ணிலும் படமாட்டார். பாட்டிக்கு எத்தனை மார்க்? சாப்பிட்டவர் யாருக்கும் பல்லில் கல் கடிபடவில்லை. கடிபடாத கல்லை எப்படி எண்ணுவது?

புரோகிராம் எழுதும் குழுவிலும் ஒருவனுக்குப் புது வேலை கிடைக்கும். வாரத்துக்கு ஐந்து முடிப்பான். இன்னொருத்திக்குப் பத்து ஆண்டாக யார் யாரோ எழுதி, சிக்கலாகிக் கிடக்கும் பழைய வேலை கிடைக்கும். வாரத்துக்கு ஒன்று முடிந்தால் அதிகம். மூன்றாமவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே பொழுதைக் கழித்திருப்பார். அவர் கணக்கில் ஒன்றும் இருக்காது. அவர் இல்லாவிட்டால் மற்றவர்கள் கணக்கிலும் ஒன்றும் இருக்காது. எழுதி முடித்த வேலை மேலே ஒருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்று பல நாள் காத்துக் கிடக்கும். அந்த நாட்களும் எழுதியவள் தலையில்தான் ஏறும்.

யாருக்கு எந்தப் பலகை, எந்தப் பெட்டி என்று பார்க்காமல் மணியை மட்டும் எண்ணினால் எப்படி நியாயம் ஆகும்?

அதிலும் ஒரு வழக்கம் கொடியது. குழுவில் எல்லோருமே நன்றாகச் செய்திருந்தாலும் இத்தனை பேரைக் கடைசி வரிசையில் போட்டே தீர வேண்டும் என்ற வழக்கம். மைக்ரோசாப்ட் கம்பெனி பல ஆண்டு இப்படிச் செய்தது. பக்கத்து மேசைக்காரனுக்கு உதவி செய்தால் அவன் மேலே போவான், நான் கீழே போவேன் என்று ஆகிவிட்டால் யார் உதவி செய்வார்கள்? 2013-ம் ஆண்டு நவம்பரில் அந்தக் கம்பெனி இந்த வரிசை முறையைக் கைவிட்டது. டெமிங் காலமாகி அப்போது ஏறக்குறைய 20 ஆண்டு.

டெமிங் என்ன சொன்னார்?

முதலில் ஏற்பாட்டை அளக்க வேண்டும் என்றார். இந்தக் குழுவுக்கு ஒரு வேலை வந்து முடிந்து போக எத்தனை நாள் ஆகிறது? அதில் கை வைத்துச் செய்த நாள் எத்தனை? காத்துக் கிடந்த நாள் எத்தனை? வாரா வாரம் குறித்து வந்தால் படம் தானாகத் தெரியும். ஒரு வாரத்துக் கணக்கை வைத்துக் கொண்டு குதிக்கக் கூடாது.

கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களை முதலாவது, ஏழாவது என்று வரிசை போட வேண்டாம் என்றார். அது மணிக்கு மார்க் போடும் வேலை. கோட்டைத் தாண்டி நிற்பவரிடம் போ. கீழே தாண்டினால் அவருக்கு என்ன குறை என்று கேள். மேலே தாண்டினால் அவர் எப்படிச் செய்கிறார் என்று கற்றுக்கொள்.

மேலதிகாரி ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரோடும் மூன்று, நான்கு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் சொன்னார். குற்றம் கண்டுபிடிக்க அல்ல. உனக்கு எது தடையாக இருக்கிறது என்று கேட்க.

கல்லூரியிலும் அவர் இப்படித்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1946-ல் இருந்து பல ஆண்டு பாடம் நடத்தினார். மாணவர்களைத் தரம் பிரிக்க மாட்டார். விடைத்தாளைப் படிப்பார். தாம் எப்படிப் பாடம் நடத்தினோம், யாருக்கு உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படிப்பார்.

இதில் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. சம்பள உயர்வு என்று ஒன்று இருக்கிறதே, அதை எப்படிப் பங்கிடுவது? உண்மையிலேயே வேலை செய்யாமல் ஏய்க்கிறவன் ஒருவன் இருந்தால், அவன் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறவள் என்ன செய்வாள்? இந்த இடத்தில் டெமிங்கின் பதில் கொஞ்சம் மெலிவாகத்தான் இருக்கிறது. எது தப்பு என்று இடி முழக்கமாகச் சொன்னவர், எது சரி என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். சுபாவமும் கடுமை. வகுப்புக்கு வந்த பெரிய பெரிய மானேஜர்களை முகத்துக்கு நேரே கடிந்து பேசுவார். தொழிலாளியை ஏசக் கூடாது என்றவர், முதலாளியை ஏசுவதில் சிக்கனம் காட்டவில்லை!

ஆனாலும் அவர் கூப்பிட்ட இடத்துக்கு எல்லாம் போனார். 1986-ல் லோலா காலமானார். அப்போது டெமிங்குக்கு 85 வயது. அதன் பிறகும் நிற்கவில்லை. 1987-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அவருக்கு தேசிய விருது கொடுத்தார். ஓய்வு நேரத்தில், தாயாரிடம் இருந்து வந்த சங்கீதம் அவருக்குத் துணையாக இருந்தது. சர்ச்சில் பாடுவதற்கான பாட்டுக்கு மெட்டு அமைப்பார்.

1993-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கலிபோர்னியாவில் நான்கு நாள் வகுப்பு. டெமிங் சக்கர நாற்காலியில் வந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நான்கு நாளும் வகுப்பு நடந்தது.

வாஷிங்டனுக்குத் திரும்பினார். பத்து நாள் கழித்து, டிசம்பர் 20-ந்தேதி, தம் வீட்டில் காலமானார். அவருக்கு வயது 93. பாடிக்கு அவருடைய முகம் பொறித்த மெடல் வந்து சேர இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது.